நிற்காத பஸ்ஸும் பேசாத மூன்று பக்கமும்

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த பெண் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர். நாடகம் அவருக்குப் பிடித்திருந்த வியாதி. புதிய இயக்குநர்கள் நான்கு பேரின் ஓரங்க நாடகங்களை ஒரே மாலையில் போடுவதாக ஏற்பாடு. அதில் இவருடையதும் ஒன்று. பத்து நாள் இருக்கும்போது அவருடைய ஒரே நடிகருக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது.

"அண்ணே, நீங்கதான் நடிக்கணும். உங்க மூஞ்சியில ஒரு தோத்த களை இருக்கு."

இருபது வருடமாக இன்சூரன்ஸ் பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்கினால் அந்தக் களை வராமல் என்ன செய்யும்? அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தது கேட்டது. வீம்புக்கு ஒப்புக்கொண்டேன்.

நாடகத்தில், வீட்டைவிட்டு வந்த ஒருவன் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான். பஸ் வராது. முதல் நான்கு நிமிடம் மௌனம். பிறகு, செத்துப்போன தம்பியிடம் மூன்று பக்கம் பேசுவான். அதை ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன். ஒரு சிக்னலில் "தம்பீ..." என்று நான் உருகியதைப் பார்த்த போலீஸ்காரர், ஓரங்கட்டச் சொல்லி வாயை ஊதச் சொன்னார்.

தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன அரங்கம். மேடையில் ஒரு பெஞ்சு, 'திருமங்கலம்' என்று ஒரு பலகை. விளக்கு எரிந்தது. உட்கார்ந்தேன். மௌனம்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். அடுத்த நாடகத்தில் நடிக்கும் மகளைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து வந்தவராம்.

"மாப்ள, திருமங்கலத்துக்கா? அந்த பஸ்ஸு இங்க நிக்காதுப்பா."

கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய் எனக்கு.

"எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன், இப்பச் சொல்றீங்களேண்ணே!"

"நீ கேட்டாத்தானப்பா சொல்ல முடியும்? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? வீட்ல சண்டையா?"

"சண்டைதாண்ணே."

"ஆரம்பிச்சது யாருன்னு கேளுங்க!" இது பின்வரிசையிலிருந்து என் மனைவி.

அரங்கமே குலுங்கியது. ஆளாளுக்குப் பஞ்சாயத்து. கடைசியில் உசிலம்பட்டிக்காரர், "எந்திரிச்சு வீட்டுக்குப் போப்பா" என்று தீர்ப்பு சொன்னார். எழுந்து போய்விட்டேன். விளக்குக்காரர் பதறி விளக்கை அணைத்தார். கைதட்டல் ஓயவில்லை.

உள்ளே மாடி வீட்டுப் பெண் கையில் நாடகத் தாள்களோடு நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பியப் பத்தி ஒரு வார்த்தகூட சொல்லலையேண்ணே."

"எந்தத் தம்பிம்மா?"

"என் தம்பிதாண்ணே."

பத்து நாளாக ஊரெல்லாம் ஒப்பித்தவன், அந்தத் தம்பி யாரென்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

நாடகங்கள் முடிந்து நடந்த கலந்துரையாடலில் ஒரு பேராசிரியர், மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையிலுள்ள சுவரை இந்த நாடகம் உடைத்துவிட்டது என்று வெகுவாகப் பாராட்டினார். எங்கள் இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க அண்ணனுக்கு வாய மூடத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில், காய்ந்த துணிகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, அந்த மூன்று பக்கத்தையும் அவருக்குச் சொன்னேன். துணி எடுக்க வந்த மனைவியும் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அவரே அடி எடுத்துக்கொடுத்தார்.