வாழைச் சருகுச் சாம்பல்

சாம்பலை எங்கே எடுத்தாய் என்று அத்தை என்னிடம் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பொய் சொன்னேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவதை யோசித்துச் சொன்னேன். அந்த இரண்டாவது பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதுவதால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது தெரியும்.

எழுபதுகளின் பிற்பகுதி. அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. டில்லி கிட்வாய் நகரில் இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாக எங்கள் குவார்ட்டர்ஸ். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துவிட்டு டைப்பிஸ்ட் வேலை தேடி எங்களிடம் வந்தாள். வராந்தாவில் அவளுக்கு ஒரு கயிற்றுக் கட்டில், பக்கத்தில் எனக்கு ஒன்று. கண்டிப்பும் சிக்கனமும் நிறைந்த அந்த வீட்டில், நான் சொல்லும் அரைகுறை ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

வேலை கிடைத்தது. மெஹ்ரோலி போகிற சாலையில் ஒரு வங்காளி அம்மாள் கோப்பையும் கிண்ணமும் செய்து விற்கும் கூடம் வைத்திருந்தாள். எல்லோரும் அவளை தீதி, அதாவது அக்கா, என்பார்கள். அங்கே கடிதம் அடிக்கத்தான் அத்தை சேர்ந்தாள். சில மாதத்தில் டைப்ரைட்டரை மூடிவிட்டுச் சேற்றில் கை வைத்துவிட்டாள்.

"மண்ணு பெசையதுக்கா ஒன்னய பி.ஏ. படிக்க வச்சேன்? அதுக்குத் தாமிரபரணிக் கரையிலேயே இருந்திருக்கலாம்லா" என்றார் அப்பா.

"அந்த மண்ணு இவ்வளவு சூடு தாங்காது அண்ணே" என்று அத்தை மிகுந்த பொறுப்போடு பதில் சொன்னாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அப்பாவுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

அவளைப் பிடித்து ஆட்டியது ஒரு நிறம். மட்பாண்டத்தின் மேல் கண்ணாடிபோல் உருகி ஒட்டுகிற பூச்சை அங்கே கிளேஸ் என்பார்கள். அதில் செலடான் என்று ஒரு வகை. சீனாவிலும் கொரியாவிலும் பல நூறு ஆண்டுகளாகச் செய்வது. டில்லியில் பன்டா என்கிற கோலி சோடா பாட்டிலின் அடிக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒரு பச்சை தெரியுமே, ஏறக்குறைய அது. தீதியிடம் இருந்த வெளிநாட்டுப் புத்தகங்களில் செய்முறைகள் இருந்தன. ஆனால் அவை சொல்லும் பொடிகள் டில்லியில் கிடைக்காது. அதனால் அத்தை தானே ஒன்று கூட்டினாள்: ராஜஸ்தானிலிருந்து மூட்டையில் வரும் வெள்ளைக்கல் பொடி இரண்டு வகை, பூந்தொட்டிக்குப் பூசுகிற காவியில் ஒரு சிட்டிகை, அப்புறம் விறகுச் சாம்பல். காவியில் இருக்கும் இரும்புதான் பச்சையாக மாற வேண்டும். அதற்குச் சூளை நன்றாகக் கொதித்த பிறகு புகைபோக்கியைப் பாதி மூடி நெருப்பை மூச்சுத் திணற விட வேண்டும். காற்று கொஞ்சம் கூடினாலும் பச்சை போய் மஞ்சள் வந்துவிடும்.

மஞ்சள்தான் வந்துகொண்டிருந்தது. சோதனைக்குச் செய்த சின்னக் கிண்ணங்களை அத்தை கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, "மோர்க்கொழம்பு", "இது பருப்பு ரசம்" என்று தீர்ப்புச் சொல்லி, உப்புக்கும் கடுகுக்கும் எடுத்து வைத்துக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தோடு இதெல்லாம் முடிய வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். தூத்துக்குடியில் உப்பு வியாபாரி ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். அந்த வீட்டுக் கடிதங்களை அப்பா சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிப்பார். அத்தை தலை நிமிராமல் சோற்றைப் பிசைவாள். எனக்கு அது வானொலியில் வாசிக்கும் மாநிலச் செய்தி மாதிரி. காதில் விழும், அவ்வளவுதான்.

சாம்பல் கொண்டுவருவது என் வேலை. அத்தைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மற்றதெல்லாம் போன தடவை போலவே இருக்க வேண்டும். அதனால் சாம்பல் எப்போதும் ஒரே அடுப்பிலிருந்து வர வேண்டும். ரிங் ரோடு பக்கம் ஒரு சர்தார்ஜியின் டாபா, சாலையோரச் சாப்பாட்டுக் கடை, இருந்தது. ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பில் அவர் கருவேல விறகு மட்டுமே எரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டால்டா டப்பாவோடு போய் வாங்கி வருவேன். "பிள்ளைய சாம்பல் பொறுக்க அனுப்பாத" என்று அப்பா ஒருமுறை கத்தியதிலிருந்து இது எங்கள் இருவருக்குள் ரகசியமாகிவிட்டது. டப்பா அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

டாபாவுக்குப் போகும் வழியில் ஒரு மைதானம். காலனிப் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு ஞாயிறு என் டப்பாவை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஓய் மதராசி! கிஸ்கே பர்தன் மாஞ்ச்தா ஹை?" என்று ஒருவன் கேட்டான். யார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாய் என்று அர்த்தம். இன்னொருவன் டப்பாவைத் தட்டிவிட்டான். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கு பஸ் ஏறும்போதும் அந்தக் கேள்வி என்னைத் துரத்தியது.

அடுத்த ஞாயிறு நான் டாபாவுக்குப் போகவில்லை. அம்மா காப்பிக்கொட்டை வாங்கி வர ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அனுப்பியிருந்தாள். டப்பாவைப் பைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன். நம் ஊர்ச் சாமான் கடைகளுக்கு ரயிலில் வரும் வாழை இலைக் கட்டுகளைச் சுற்றி வாழைச் சருகு பொதிந்திருக்கும். கடைக்காரர்கள் அதை உரித்துப் பின்பக்கம் எறிவார்கள். பெருக்குகிற ஆளை எல்லோரும் பையா, அண்ணா, என்று கூப்பிடுவார்கள்; அவர் அதைக் கூட்டி எரித்துக் குளிர் காய்வார். அன்றும் காய்ந்துகொண்டிருந்தார். முதல் நாள் சாம்பல் பக்கத்தில் மிருதுவாக, கறுப்பும் வெள்ளையுமாகக் குவிந்திருந்தது. கேட்டேன். "லே ஜா பேட்டா", எடுத்துட்டுப் போ மகனே, என்றார். சாம்பல் என்றால் சாம்பல்தானே என்று டப்பாவை நிரப்பிக்கொண்டேன்.

மறுநாள் வராந்தாவில் அத்தை அதைச் சலித்துத் தண்ணீரில் குழைத்தாள். கொஞ்ச நேரத்தில் கையை உதறினாள்.

"ஏல, இது கைய எரிக்கே. எங்க எடுத்த?"

உள்ளே அப்பா செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "டாபாலதான் அத்தை. சச்சீ, சத்தியமா" என்று முணுமுணுத்தேன்.

"வெறகு மாத்திருப்பாரு போல" என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து, இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

அந்தச் சூளையில்தான் அது வந்தது. சனிக்கிழமை அரைநாள் பள்ளி என்பதால் அத்தை என்னையும் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். சூளை வாயை அடைத்திருந்த செங்கல்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். உள்ளே மற்றவர்களின் பழுப்பும் நீலமுமான சாமான்கள். கீழ்த்தட்டில் ஒரு மூலையில் அத்தையின் கிண்ணம். இன்னும் சூடாக இருந்ததைத் துணியால் பிடித்து எடுத்தாள். பச்சை. பச்சைக்கு அடியில் ஒரு நீலம். குழிவில் நிறம் திரண்டு ஆழமாகவும், விளிம்பில் மெலிந்தும் இருந்தது. ஆறும்போது அது மெல்லிய ஒலியில் டிங், டிங் என்றது. அத்தை அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். எனக்கும் வைத்துக் காட்டினாள்.

தீதி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஹிந்தியில் சொன்னாள்: இதே நிறத்தில் ஒரு முழு டீ செட் எடுத்துக் காட்டு. வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். கிளேஸ் வேலை முழுவதும் இனி உன் பொறுப்பு. மாடியறையில் வந்து தங்கிக்கொள்.

பஸ்ஸில் வரும்போது அத்தை கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மாடியில ஜன்னலத் தொறந்தா குதுப்மினார் தெரியும்ல" என்றாள். அவள் வராந்தாவைக் காலி செய்யப் போகிறாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

டீ செட்டுக்காக மறுபடி சாம்பல் வேண்டும். இந்த முறை குற்ற உணர்ச்சியில், மைதானத்தைச் சுற்றிக்கொண்டு டாபாவுக்கே போய், சர்தார்ஜியின் தந்தூரிலிருந்து உண்மையான கருவேலச் சாம்பலைக் கொண்டுவந்தேன். அந்தக் குளிர்காலத்தில் நான் நேர்மையாக நடந்துகொண்டது அந்த ஒரு நாள்தான். செட் முழுவதும் அம்மாவின் மோர்க்குழம்பு நிறத்தில் வெளிவந்தது.

அத்தை நெருப்பைச் சந்தேகித்தாள். காவியைச் சந்தேகித்தாள். கடைசியில் ஒரு மாலை வேலையிலிருந்து நேராக டாபாவுக்குப் போய் சர்தார்ஜியிடமே கேட்டுவிட்டாள். விறகு எதையும் மாற்றவில்லை என்றார் அவர். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார்: உங்கள் பையன் ஒரு ஞாயிறு வரவே இல்லையே, உடம்பு சரியில்லையா?

வீட்டுக்கு வந்தவள் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். காய்ந்த துணிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து என் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"நா அடிக்க மாட்டேன். அண்ணங்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு தடவ மட்டும் எங்கல எடுத்த? எந்த எடமா இருந்தாலும் சரி. குப்பையா இருந்தாலும் சரி."

பயப்பட ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து மார்க்கெட் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் யோசித்தேன். இந்த வார்த்தையைச் சொன்னால் செட் பச்சையாக வரும். வந்தால் அத்தை மாடியறைக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் செட் வராது, அத்தை வராந்தாவிலேயே இருப்பாள். பன்னிரண்டு வயதில் நான் போட்ட கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"டாபாலதான்" என்றேன். "சர்தார்ஜி மறந்திருப்பாரு."

அத்தை எழுந்து, கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, கீழ போவோம். பனி எறங்குது" என்றாள். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். அவள் நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த செட்டுக்கு வேப்பிலைச் சாம்பலும் இஸ்திரிக்காரரின் கரிச் சாம்பலும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்று பாசி நிறம், ஒன்று கூழ். அதற்குள் டில்லியில் வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது. அப்பா தூத்துக்குடிக்குப் பதில் எழுதினார்.

கல்லூரியில் வேதியியல் படிக்கும்போது, வாழைச் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி என்பதும், அது கிளேஸின் பச்சையை நீலத்தின் பக்கம் இழுக்கும் என்பதும் எனக்குத் தெரியவந்தது. அந்த விடுமுறையிலேயே தூத்துக்குடிக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. அத்தை எவர்சில்வர் தட்டில் எனக்குச் சோறு போட்டாள். பெரிய பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டே, "டில்லில இப்பவும் அப்படிக் குளிருதா?" என்று கேட்டாள். வீட்டில் எங்கும் ஒரு மண் சாமான்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகும் பல தடவை போனேன். கல்யாணங்கள், ஒரு சாவு, ஒரு கிரகப்பிரவேசம். சொல்ல இடமிருந்தது, நேரமிருந்தது. போன வருஷம் அவளைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் அப்பாவும் அத்தையும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் புறப்பட்டார்கள். அம்மாவும் நானும் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கியபோது அத்தை ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். விரல் நுனிகள் இன்னும் சொரசொரவென்று இருந்தன.

"ஏல, லீவுக்கு அத்தையப் பாக்க வருவேல்லா?"

"நான் எதுக்கு? லீவு முடிஞ்சதும் நீங்களே வந்துருவீங்களே" என்றேன்.

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை சிரித்தாள். என் ஜோக்குகளுக்கு எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு மனம் கனிந்திருந்தது. ஊருக்குப் போயிருக்கிற அத்தை திரும்பி வரும்போது அந்தச் சாம்பலைத் தயாராக எடுத்து வைத்து, உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். மாடியறைக்குப் போனால் போகட்டும், பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். கடைகளின் பின்பக்கம் சருகுகள் குவிந்து கிடந்தன. நெருப்பு இல்லை. பையா நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அரே பேட்டா, இந்த கர்மியிலே, இந்த வெயில்லே, யார் நெருப்பு போடுவாங்க?" என்று தனக்குத் தெரிந்த கடைத் தமிழில் சொல்லிச் சிரித்தார். "சர்தியிலே வா, குளிர்லே."

சரி, அவசரம் ஒன்றுமில்லை, குளிருக்குள் அத்தை எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு, காலி டப்பாவை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.