முழங்காலைத் தட்டிய சிஸ்டர்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு வலிப்பு வந்தது. ஒல்லியான சிஸ்டர் ஒருவர் ஊசி போட்டார். பிறகு மணிக்கொரு தரம் சின்னச் சுத்தியலால் அவள் முழங்காலைத் தட்டினார்.

"இன்னா சிஸ்டர், வலிப்புக்குக் கால தட்டிகினுகீறீங்க?"

"மருந்து மக்னீசியம்யா. ஜாஸ்தியானா கால் துள்ளாது, அப்புறம் மூச்சே நின்னுடும். நீ இன்னா வேலை?"

"உப்பளம். உப்ப வாரிட்டு, மிச்சக் கசப்புத்தண்ணிய வெளிய வுடுவேன்."

"யோவ், அந்தக் கசப்புலயும் இதான் கீது! இலையோட பச்சையில, உன் எலும்புல, கார் சக்கரத்துலகூட கீது."

மழைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத நான், உப்புக் காய்த்த என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த தட்டலுக்கு மனைவியின் கால் துள்ளியது. என்னை உதைக்கவே பிறந்த அந்தக் காலைக் கும்பிடத் தோன்றியது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சிஸ்டரின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் கசப்புத் தண்ணீருக்கு மடை திறக்கும்போது முண்டாசை அவிழ்த்துவிடுகிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள்.