குரல் போகட்டும், புள்ள வேண்டாம்

ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டால் அந்த அறைக்குள் ஒரு புழுக்கம் வரும் பாருங்கள்... பஞ்சு வாசனை, வியர்வை வாசனை, சூடேறிய ஆம்ப்ளிஃபயர் வாசனை. எண்பதுகளின் தொடக்கம். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் எங்கள் ஸ்டுடியோ!

கோயமுத்தூரில் காலேஜ் முடித்த அண்ணன் ஒரு எலெக்ட்ரிக் கிடாரோடு ஊர் திரும்பியிருந்தான். அவன் சிநேகிதன் செல்வம் டிரம்ஸ். கோயில் நோம்பித் திருவிழாக்களில் பேண்ட் செட் அடித்துப் பழகிய கை. பாட்டு, நான். ராக் மியூசிக் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கே பாதிதான் தெரியும். ஆனால் பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு, தமிழ்ப் பாட்டு. அதில் ஏகப்பட்ட கெத்து.

டேப் ரிக்கார்டரைக் கட்டில் நடுவில் வைத்து, சுற்றி நின்று பதிவு செய்வோம். ஒருத்தர் தப்பு விட்டாலும் மறுபடி முதலிலிருந்து...

அந்த வருசம் மாரியம்மன் நோம்பிக்கு மேடை கிடைத்தது. குதித்தோம்! அப்பா ஒரே போடாகப் போட்டார்.

"பசங்க என்ன வேணா அடிச்சுக்கோங்க. வயசுப் புள்ள மேடையேறக் கூடாது."

"அவ இல்லீனா பாட்டே இல்லீங்கப்பா" என்று அண்ணன் கெஞ்சினான்.

"அதான் டேப்புல புடிச்சு வெச்சிருக்கீங்கல்ல? குரல் போகட்டும். புள்ள வேண்டாம்."

அழுது பார்த்தேன், சோற்றைத் தொடாமல் இருந்து பார்த்தேன். மனுசன் அசரவில்லை.

நோம்பியன்று சாயங்காலம் பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மேடையில் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் மைக். இருந்தாலும் என் குரல் குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்கப் போகிறதே! செல்வம் பட்டனை அமுக்கினான்.

டடக் டடக் டடக் டடக்...

எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை. அத்தனை தடவை டேப்பைப் போட்டுக் கேட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நோம்பிக்காக ஊர்த் தறியெல்லாம் நின்றிருந்த அந்த அமைதியில், எங்கள் தறி மட்டும் மேடையில் ஓடியது. என் குரல் அதற்குள் எங்கேயோ கொசு மாதிரி...

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏனுங்க, நோம்பிக்குக் கூடத் தறிக்கு லீவு உட மாட்டீங்களா?" என்று ஒருத்தர் கத்தினார்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. டேப்பை நிறுத்தினான். ஜனங்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எங்கள் பேண்டுக்கு இன்றே கருமாதி என்று நினைத்தேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்து, அம்மாவும் நானும் இருந்த பக்கம் திரும்பினார். கோபமோ என்று பயந்தேன். இல்லை. அண்ணன் முகம் போலவே இருந்தது அவர் முகமும்.

"போ சாமி" என்றார் என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி. "போய்ப் பாடு."

ஓடினேன்! செருப்பு எங்கே போயிற்றோ. மைக்கைப் பிடித்தேன். செல்வம் அடித்த முதல் அடியில் மேடைப் பலகை அதிர்ந்து, அது என் உள்ளங்காலில் ஏறியது பாருங்கள்... அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த பாட்டுக்கு விசில்! அப்புறம் எனக்குக் கல்யாணமாகும் வரை சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல் என்று எத்தனை மேடைகள்...

இன்றைக்கு என் மகள் பெங்களூரில் தன் பெட்ரூமில் உட்கார்ந்து பாடி, அப்படியே போனில் ஏற்றிவிடுகிறாள். எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்கிறார்கள். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. போன வாரம் இந்தக் கதையைச் சொன்னபோது கேட்டாள்.

"தாத்தா 'போ'ன்னு சொல்லாம இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

அப்போதும் ஓடியிருப்பேன் என்று பெருமையடிக்க வாய் வரை வந்தது.

"உக்காந்தேதான் இருந்திருப்பேன் கண்ணு" என்றேன்.

அவளுக்கு அது புரியவே இல்லை. புரியாமல் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!