சித்தப்பா கலகலப்பாகப் பேசிய நாள்

என் சித்தப்பாவுக்கு மனிதர்களைக் கண்டால் பயம். வேடசந்தூர் நூல் மில்லில் அவருக்கு வேலை. ஓயாத இயந்திர இரைச்சலில் அங்கே யாரும் அவரிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்தால்தான் சிக்கல். ஒரு சோப்பு வாங்குவதென்றாலும் கடைக்காரர் முன்னால் என்னைத்தான் நிறுத்துவார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பதவியில் எனக்குப் பெருமைதான்.

அவருக்குப் பெண் பார்க்க வடமதுரைக்கு வேனில் போனோம். வழியெல்லாம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். இறங்கியதும், பூ வாங்கி வருகிறோம் என்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பூக்கடையில் என்னை விட்டு, "செத்த நேரம் நில்லு ஆத்தா, இந்தா வந்துர்றேன்" என்று ஒரு சந்துக்குள் நுழைந்தார். வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வந்தார். எனக்கும் ஒன்று தந்தார்.

பெண் வீட்டில் சித்தப்பாவை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. மில் மேஸ்திரி அதட்டுவதை அப்படியே நடித்துக் காட்டினார். கேசரியைப் பாராட்டி இன்னொரு தட்டு கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என் அப்பா மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கலகலப்பானவர் என்று அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

சித்தி வந்த பிறகு அந்தக் கலகலப்பு பொழுது சாய்ந்தால்தான் வந்தது. விடிந்தால் வேறு ஆள். காபி டம்ளர் கையில் நடுங்க, பின்வாசலில் உட்கார்ந்திருப்பார். "ஏத்தா, நேத்து நான் யாரையும் தப்பாப் பேசிட்டனா? எல்லாரும் கோவமா இருக்காகளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார். யாரும் கோபமாக இல்லை. சொன்னாலும் நம்ப மாட்டார். மில் பஸ் ஹாரன் அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். முன்பு வெளியாட்களுக்குப் பயந்தவர், இப்போது எங்களுக்கும் பயந்தார்.

ஒருநாள் எனக்குத் தலை சீவிக்கொண்டே சித்தி கேட்டார்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தாரே ஒருத்தரு, அவரு எங்கடி போனாரு?"

"ஏலக்காய் குடுத்தா வந்துருவாரு சித்தி" என்றேன். பூக்கடை, அவர் நுழைந்த சந்து என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

சீப்பு பாதித் தலையில் நின்றது. "அன்னைக்கேவா?" என்றார். அவர் சண்டை போடப் போகிறார் என்று பயந்தேன். சடையைப் பின்னி முடித்ததும், "அம்புட்டுப் பயமா அந்த மனுசனுக்கு!" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி, சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எனக்காக ஒண்ணும் நீங்க பேச வேணாம். சும்மா இருங்க, போதும்." சித்தப்பா முதலில் எரிந்து விழுந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவரிடம் இருவரும் போய் வந்தார்கள். குடி பயத்தைச் செத்த நேரம் அமுக்கும், காலையில் அது இன்னும் பெரிதாக எழுந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மருந்து கொடுத்தார், அடிக்கடி வரச்சொல்லிப் பேசினார். நடுவில் சித்தப்பா சறுக்கவும் செய்தார். சித்தி மறுபடியும் கூட்டிப் போனார். காலை நடுக்கம் மெல்ல நின்றது. கூடவே மாலை வேடிக்கைகளும் நின்றுபோயின. அதற்காக நான் சித்தியிடம் சில நாள் பேசவில்லை.

அடுத்த வருடம் வடமதுரைத் திருவிழாவுக்குச் சித்தியின் பிறந்த வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். திடீரென்று காது வரைக்கும் சிவந்து, சித்தியின் அம்மாவைப் பார்த்து, "அத்தை, இன்னுங்கொஞ்சம் கத்தரிக்கா வைங்க" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த சித்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். முந்தானையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார்.

"கத்தரிக்கா கேட்டதுக்கா சித்தி அழுகுறீக?"

அவர் அழுகையோடு சிரித்து என்னை இறுக்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் சித்தப்பா அன்றைக்குக் கலகலப்பாக ஒன்றுமே பேசவில்லையே என்பதுதான் என் குறையாக இருந்தது.