மணம் திரும்பிய மட்டி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மட்டி பிரித்தது. கொட்டகலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நனைந்த சாக்கை விரித்து, கடல் மட்டிகளை இரண்டு குவியலாகப் போட்டோம். ஓரம் பச்சையாக இருந்தவை ஒரு பக்கம். முழுவதும் பழுப்பானவை இன்னொரு பக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லா ஓடுகளும் இறுக மூடியிருந்தன. பலவற்றின் விளிம்பில் கறுப்பு நார்க் கொத்து தொங்கியது. அப்பா ஒவ்வொன்றையும் பிடித்துப் பிய்த்தார்.

"வேரப் பாத்தியா பாப்பா. செடி மாதிரியே புடிச்சுக்கிட்டு நின்னிருக்கு."

அது 1962 ஆகஸ்ட். அப்பாவின் பெயர் சூசைரட்ணம். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வேலை செய்தார். பறித்த கொழுந்து முதலில் அங்கேதான் வரும். சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, சூடான காற்று விட்டு வாட்ட வேண்டும். வாட்டம் போதுமா என்று சொல்வது அவர் பொறுப்பு. ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் வைத்து அமுக்குவார். பிறகு முகர்வார். பச்சை வாடை போய் வேறொரு வாசனை எழும்பும். "மணம் திரும்பிருச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் கொழுந்து கீழே உருட்டும் இயந்திரத்துக்கு இறங்கும். கல்யாணத்தன்று மாலையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அப்பா கழுத்தில் போட்டார் என்று அம்மா பவுலின் சொல்வதுண்டு. வாழ்க்கை முழுவதும் அந்த மூக்கை நம்பியே இருந்தார்.

அக்கா சிசிலியை வலப்பனையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை யேசுரட்ணத்துக்குச் சந்தையில் காய்கறிக் கடை. நல்ல மனுஷர், ஆனால் தாய்க்கு எதிரே வாய் திறக்க மாட்டார். வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. பெண் வீட்டிலிருந்து யாராவது வந்து ஒரு முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிடுவேன் என்று மாமியார் ஆள் அனுப்பியிருந்தார்.

நான் கண்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை பழகி, அங்கேயே தங்கியிருந்தேன். அக்காவை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டியிருந்தேன். குறை எதுவும் இல்லை. அடுத்ததாக மாப்பிள்ளையைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. லீவில் வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் தானாகவே, ஞாயிற்றுக்கிழமை வலப்பனைக்குப் போய் மாப்பிள்ளையிடம் பேசுவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் கடற்கரையில் இருக்கும் தலவிலவுக்குப் போய்ப் பிள்ளை வரம் தரும் அன்னம்மாளைக் கும்பிட்டு வர வேண்டும் என்றார்.

தோட்டத்துக் கத்தோலிக்கர் எல்லோரும் லொறி பிடித்துப் போனார்கள். திரும்பும் வழியில், ஒரு பாறைக் கரையில் மட்டி விற்ற பெண், இது சினை பிடித்த மாதம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். உள்சதை செம்மஞ்சளாக இருந்தால் பொட்டை, வெள்ளையாக இருந்தால் கடுவன் என்றும் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை அப்பாவே சேர்த்துக்கொண்டார். அன்னம்மாள் கோவிலிலிருந்து வரும் வழியில் சினை கண்ணில் பட்டது அவருக்குச் சும்மா நடந்ததாகத் தெரியவில்லை.

பச்சை ஓடு பிஞ்சு, பழுப்பு ஓடு முற்றிய பொட்டை என்று நினைத்தார். அதனால்தான் இரண்டு குவியல். பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த வீரய்யா மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, மாதா கோயிலுக்குப் போயி கல்லு பொறுக்கிட்டு வந்திருக்கீங்க?"

"கல்லு இல்லடா. உள்ள உசுரு இருக்கு."

"கடல் சாமான மலைக்குக் கொண்டாந்தா ஒத்துக்குமா?"

அப்பா அடுத்த மட்டியின் நாரைப் பிய்த்தார். மாமா போன பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"வெறுங்கையோட போயி அந்தப் பேச்ச எப்படிம்மா எடுக்கிறது? சிசிலிக்கு ஆக்கிக் குடுக்கிற சாக்குல உக்காந்தா, மெதுவா மாப்பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போயிரலாம்."

மாலை ரயிலுக்கு நான் கிளம்பினேன். இரண்டு நிறத்திலும் சிலவற்றை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். ஆய்வுகூடத்துப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்து எது பொட்டை என்று சொல்லச் சொன்னார். மூடிய ஓடுகள் மடியில் கனத்தன.

காலையில் ஆய்வுகூடத்தில் திறந்தேன். பழுப்பு ஓட்டுக்குள் வெள்ளைச் சதையும் இருந்தது, செம்மஞ்சளும் இருந்தது. பச்சையிலும் அப்படியே. செம்மஞ்சளைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தேன்: முட்டைகள். வெள்ளையை வைத்தேன்: வால் உள்ள அணுக்கள் துடித்தன. ஓட்டின் நிறம் வயதையும் வளர்ந்த இடத்தையும் பொறுத்தது என்று டாக்டரம்மாவின் விலங்கியல் புத்தகத்தில் இருந்தது. ஆண் பெண் வெளியே தெரியாது. அவை சேர்வதும் இல்லை. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. கடல்தான் கலக்கிறது. கருவும் அங்கேதான் பிடிக்கிறது. குஞ்சு பல நாள் மிதந்து, பிறகு ஒரு பாறையை நாரால் பிடித்துக்கொள்கிறது. அந்த நார் வேர் இல்லை. அதைப் பிய்த்தால் உள்ளே காயம் படும்.

நான் போன பிறகு நடந்ததை அம்மா சொன்னார். மூடிய மட்டி பதமாகவில்லை என்று அப்பா முடிவு செய்திருக்கிறார். வேர் உள்ள எதையும் வாட்டாமல் ஆக்கக் கூடாதாம். தேயிலை எந்த வாடையையும் இழுக்கும் என்பதால் தொழிற்சாலைக்குள் கொண்டுபோகவில்லை. அடுப்புக்கு மேலே, சூடு படும் உயரத்தில், நான்கு மூலையும் இழுத்துச் சாக்கைக் கட்டினார். பழுப்பு மட்டியை அதில் பரப்பினார். கொழுந்தைப் போலவே கையால் கிளறிவிட்டார்.

ஒவ்வொன்றாகத் திறந்தன. திறக்கும்போது சின்னதாகச் சத்தம் கேட்டதாம். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையாட்டினார். பச்சைக் குவியலை நாய்க்குப் போட்டார். நாய் முகர்ந்துவிட்டு விலகிப் போய் மழையில் நின்றது.

மறுநாள் சாயந்திரம் வீட்டுக்குள் வாடை மாறியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூக்கி எறியச் சொன்னார். அப்பா சாக்குக்குள் முகத்தை வைத்து முகர்ந்தார்.

"மணம் திரும்பிருச்சு" என்றார்.

மிளகாயும் மஞ்சளும் போட்டு அவரே ஆக்கினார். அம்மாவைத் தொட விடவில்லை. அந்தச் சட்டி சிசிலிக்கு என்று ஒதுக்கி மூடி வைத்தார். தான் சரிபார்க்காத எதையும் கீழே இறக்கிப் பழகாதவர். மகளுக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு கோப்பை எடுத்துத் தின்று பார்த்தார். காரம் போதும் என்றார்.

விடியும் முன்பே வாந்தி தொடங்கியது. பிறகு பேதி. கை கால் ஜில்லிட்டு, கண் உள்ளே போய்விட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வீரய்யா மாமாதான் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனார். லொறி தலவாக்கலையைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. அப்பா கடைசி வரை சட்டியைப் பற்றியே பேசினாராம். யாரும் தொட வேண்டாம், சிசிலிக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று. அதற்குள் அவருக்குப் புரிந்திருக்கிறது.

எனக்குத் தந்தி வந்தபோது, ஓட்டின் நிறத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகச் சனிக்கிழமை லீவு கேட்டிருந்தேன்.

சிசிலி அக்கா அடக்கத்துக்கு வந்தாள். டிரங்குப் பெட்டியோடு வந்தாள். அதை யார் கட்டச் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. யேசுரட்ணம் கல்லறையில் ஒரு பிடி மண் போட்டார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வருவதுபோல் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தனியாகப் போனார்.

அதற்குப் பிறகு வீரய்யா மாமாவைக் கேட்டேன். எங்கள் வீட்டில் வேறு ஆண் இல்லை. அப்பா வலப்பனையில் என்ன பேச இருந்தார் என்று சொன்னேன். மாமா மறுத்தார்.

"அதப் பெத்தவன்தாம்மா கேக்கணும். நான் கேட்டா அடிக்க வருவாங்க."

நான் கொழுந்தியாள். நான் கேட்டால் அக்காவுக்கு அந்த வாசல் அடியோடு மூடிவிடும்.

அக்கா இப்போது மலையில் கொழுந்து எடுக்கிறாள். யேசுரட்ணம் இன்னும் வேறு பெண் பார்க்கவில்லை என்று சந்தைக்குப் போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். தாய் பார்க்கிறார் என்றும் சொல்கிறார்கள். நுவரெலியாவில் பஸ் மாறி வலப்பனைக்குப் போய், மாப்பிள்ளையைக் கடைக்கு வெளியே கூப்பிட்டு, ஒரு தடவை கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் யாரும் போகவில்லை.