இரண்டு திருச்சபைக்கும் சொந்தமான ஒஸ்லோ சபையில் ஒரு ஞாயிறு

முதலிலேயே சொல்கிறேன், பேர்கனில் ஒஸ்லோ ரயிலில் ஏறியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். நான் இடது பக்கம் இருந்துவிட்டு, மலைமேல் பனியைப் பார்க்கப் பக்கத்து மனிசனின் தோளுக்கு மேலால் எட்டி எட்டிக் கழுத்து நோவு வாங்கியதுதான் மிச்சம். ஒஸ்லோவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். இரண்டு மாதம் முந்தி டிக்கெட் எடுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், ரயிலில் விற்கிற பாணுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கலியாணத்தைக் காப்பாற்ற. என் தங்கை கர்த்தரிடம் போன பிறகு அவளுடைய மகன் நிரோவை நான்தான் வளர்த்தேன். ஒஸ்லோவில், புருசெத்தில் இருக்கிறான். அவனுக்குப் பேசியிருக்கிற ஷாமினியும் நல்ல பிள்ளை. ஆனால் நாங்கள் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை, அவர்கள் மெதடிஸ்ட் திருச்சபை; கட்டினால் பெண் மாப்பிள்ளையின் சபைக்கு வருவதுதான் வழக்கம். ஷாமினியின் தகப்பன் அருள்ராசா அண்ணர் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த இருட்டிலும் குளிரிலும் சபை ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே மெதடிஸ்ட் முறைப்படி ஜெபம் நடத்திப் பிள்ளையை வளர்த்தவர். "அவள் தன்ரை சபையை விட்டால் நான் கலியாணத்துக்கு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். தகப்பன் வராவிட்டால் தாலி வேண்டாம் என்று ஷாமினி. இரண்டு பேரும் ஒரே பிடிவாதம்.

அப்போதுதான் நிரோ இந்தச் சபையைக் கண்டுபிடித்தான். ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கிற சிறிய சபை. அது பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையிலும் உறுப்பு, மெதடிஸ்ட் திருச்சபையிலும் உறுப்பு, இரண்டிலும் ஒரே நேரத்தில். அதில் சேருகிறவர் இரண்டு பக்கத்துக்கும் உரியவர், எதையும் விட்டுவிட்டு வரத் தேவையில்லை. ஒரு ஞாயிறு வந்து பார்க்க அருள்ராசா அண்ணர் அரை மனதோடு சம்மதித்தார்.

புருசெத்திலிருந்து நகரத்துக்கு டி-பானே ரயிலில் இருபத்தைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஒருவழி டிக்கெட் நாற்பது குரோனருக்குக் கொஞ்சம் மேல். வழி முழுக்க அண்ணர் வாய் ஓயவில்லை.

"என்ன தங்கச்சி, சபைக்கும் ரண்டு பாஸ்போட்டோ?"

"ஏன் அண்ணை, நோர்வே பாஸ்போட் எடுக்கேக்கை சிலோன் பாஸ்போட்டை விட்டுட்டு அழுதனியளாம். ஷாமினி சொன்னவள். இப்ப சட்டம் ரண்டையும் வைச்சிருக்க விடுது. கர்த்தர் மட்டும் விடமாட்டாரோ?"

"அது நாடு. இது விசுவாசம்."

"பெரியம்மா, ஸ்லாப் ஆவ்" என்றான் நிரோ. நோர்வே மொழியில் கொஞ்சம் ஆறுங்கோ என்று அர்த்தம். அவன் முகம்தான் ஆறாமல் இருந்தது.

வாசலில் எங்களை வரவேற்றவர் கிர்ஸ்டி, ஸ்கொட்லாந்துக்காரி, அந்தச் சபையின் மூப்பர்களில் ஒருவர். போதகர் ஒருமுறை இந்தத் திருச்சபையிலிருந்து வருவாராம், அவர் போனபின் மற்றதிலிருந்து வருவாராம். காணிக்கையில் இரண்டுக்கும் பங்கு போகிறது. வருடக் கூட்டத்துக்கு இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் மேற்பார்வைக்கு ஆள் வரும். "வருகிறவர்களுக்கெல்லாம் வாபிள் சுட்டே எங்கள் ஆயுள் போகிறது" என்று சிரித்தார். நான் மலைத்துப்போனேன். ஒரு திருச்சபையின் கூட்டத்துக்கே நாங்கள் சாட்டுச் சொல்லி ஒளிக்கிற ஆட்கள், இவர்கள் இரண்டையும் வேண்டிச் சுமக்கிறார்கள்.

திருவிருந்தையும் அப்படித்தான் மாறி மாறி நடத்துகிறார்கள். ஒருமுறை பிரெஸ்பிட்டேரியன் வழக்கம்: எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்க, மூப்பர்கள் தட்டில் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவருவார்கள். அடுத்தமுறை மெதடிஸ்ட் வழக்கம்: முன்னுக்குப் போய் முழங்காலில் நிற்க வேண்டும். அன்று இருந்தபடி வாங்குகிற முறை. அதை நாங்கள் யாரும் அண்ணருக்குச் சொல்லவில்லை.

போதகர் அப்பத்தைப் பிட்டார். மூப்பர்கள் தட்டுகளை எடுக்க எழுந்தார்கள். அருள்ராசா அண்ணரும் எழுந்தார்.

"அப்பா, இருங்கோ, இருங்கோ" என்று ஷாமினி அவர் கோட்டைப் பிடித்தாள். அவர் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நேரே முன்னுக்கு நடந்துபோய், படியடியில் தனியாக முழங்காலில் நின்றுவிட்டார். சபை முழுவதும் இருக்கையில். நிரோ தலையைக் குனிந்துகொண்டான். யாராவது ஒருவர் சிரித்தாலும் போதும், அவர் அடுத்த விமானத்தில் ஹம்மர்பெஸ்டுக்குப் போய்விடுவார், கலியாணமும் அவரோடு போய்விடும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கிர்ஸ்டி முதலில் அவரிடம் போய்க் குனிந்து ஏதோ சரிசெய்துவிட்டு, திரும்பித் தட்டை எடுக்கப் போனார். அப்போதுதான் அண்ணர் தனக்கு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. அவர் காது சிவந்ததை மூன்றாம் வரிசையிலிருந்தே கண்டேன். ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். சத்திரசிகிச்சை செய்த முழங்கால், திருவிருந்தை எப்போதும் இருக்கையில் இருந்தபடி வாங்கிப் பழகிய உடம்பு. போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன்.

"நீங்கள் ஏன்?" என்றார் மெல்ல.

"தனிய விட ஏலுமே, அண்ணை."

கிர்ஸ்டி எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்த பிறகே தட்டு மற்றவர்களிடம் போனது.

ஆராதனைக்குப் பிறகு கோப்பியும் வாபிளும். அண்ணர் மூன்றாவது வாபிளோடு நிரோவிடம் வந்தார்.

"தம்பி, கலியாணத்துக்குத் திருவிருந்து எந்த முறை?"

"நீங்கள் சொல்லுற மாதிரி, மாமா."

"இருந்தே வாங்குவம். பெரியம்மான்ரை கால் பாவம்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் பின்னுக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் அதின்ரை ஞானஸ்நானத்துக்கு நீங்கள் என்னோடை முழங்காலிலை நிக்கவேணும், சொல்லிப்போட்டன்."

ஷாமினி அங்கேயே அழுதுவிட்டாள். நானும்தான்.

போகிறவர்களுக்கு: ஆராதனை பதினொரு மணிக்கு. ஞாயிறில் கடைகள் பூட்டு, வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். எந்த முறைத் திருவிருந்து என்று வாசலிலேயே கேளுங்கள். இரண்டு வீட்டுக்கும் உண்மையாக இருக்க முடியும் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கஷ்டமான வேலைதான், அவர்கள் சந்தோஷமாகச் செய்கிறார்கள்.

நில்லுங்கள், இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அன்று எனக்கு முழங்கால் நோகவே இல்லை. கீழே மெத்தை இருந்தது. கிர்ஸ்டி முதலில் போய்க் குனிந்தது அண்ணரின் முழங்காலுக்குக் கீழே மெத்தை வைக்கத்தான். அப்போதே கிர்ஸ்டி இரண்டு மெத்தைகள் கொண்டுபோய், ஒன்றை அண்ணருக்குப் பக்கத்தில் வெறுமனே வைத்துவிட்டு வந்தார். நான் அப்போது இருக்கையிலிருந்து அசையக்கூட இல்லை.