வாத்தியார் இலையில் வைத்த வெள்ளரிப்பிஞ்சு

கோழி அடிக்கிற நாளில் என் அம்மாவிடம் வாய் கொடுத்துவிட்டு நல்ல பேர் வாங்கினவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. மற்ற நாளில் சாது. மாடு முட்டினால்கூட மாட்டின் பக்கம்தான் நியாயம் பேசுவாள். கோழி என்று வந்துவிட்டால் தாசில்தார் ஆகிவிடுவாள். கறி தொட்ட கையால் பானையைத் தொடாதே, அந்தத் தண்ணீரை அங்கே ஊற்றாதே, தள்ளி நில் என்று உத்தரவு மேல் உத்தரவு பறக்கும்.

எங்கள் வீட்டில் அரிவாள்மனை ஒன்றே ஒன்று. அதனால் ஒரு வரிசை வைத்திருந்தாள். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி எதுவானாலும் முதலில் நறுக்கி மூடி வைத்துவிட வேண்டும். கோழி கடைசி. வைக்கோல் தீயில் வாட்டி மஞ்சள் தேய்த்த கோழியைக் கொல்லையில் வைத்துத்தான் துண்டு போடுவாள். வீட்டுக்குள் வருகிற பச்சைக் கறி நேராகக் குழம்புச் சட்டிக்குள் போக வேண்டும். கழுவின தண்ணீர் கொல்லைக் கோடியில் இருக்கும் குழிக்குப் போகும். பிறகு கையையும் அரிவாள்மனையையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். அரிவாள்மனையின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெயிலில் சாய்த்து வைப்பாள். அது காய்கிறவரை வீட்டில் ஒரு கத்தரிக்காய்கூட நறுக்கக் கூடாது. எலும்போரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தாலும் சட்டி மறுபடி அடுப்பேறும். பசியில் எங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், அவளுக்கென்ன.

இந்தக் கெடுபிடியெல்லாம் அவள் கற்றது பண்ணை வீட்டுக் கொல்லையில். அங்கே விருந்தென்றால் கோழி அறுத்துச் சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுக்கிற வேலை அம்மாவுக்கு. பின்வாசலோடு சரி. அவள் கை பட்ட பச்சைக் கறி உள்ளே போகலாம், வெந்த பிறகு அதை அவள் தொடக் கூடாது. பச்சையில் இல்லாத தீட்டு வெந்ததும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் விருந்து தின்ற யாருக்காவது மறுநாள் வயிறு கடுத்தால் மட்டும் முதல் பேச்சு கொல்லையில் கறி அறுத்தவள் மேல்தான் விழும்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஆட்சி மாறி, வாய்க்கால் பாலத்தடியில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. அறுவடைக் கூலிச் சண்டையில் எங்கள் தெருவே பண்ணை வேலைக்குப் போகாமல் நிற்க, பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கதிர் அறுத்தார்கள். அப்பா சங்கத்தில் முன்னால் நின்றவர். அம்மாவுக்குக் கொல்லை வேலையும் போயிற்று. ஊர் இரண்டாகக் கிடந்த அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தார். நீடாமங்கலம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், இளவயசு. ஊர்த்தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஆட்கள் இருந்த ஊரில், அவர் டீக்கடையில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி அப்பாவிடம், "வர்ற ஞாயித்துக்கெழம உங்க வீட்டுலதாங்க எனக்குச் சாப்பாடு," என்று சொல்லிவிட்டார்.

அங்கே பண்ணையின் காரியம் பார்க்கிற காரியக்காரரும் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் போனதும், "தாராளமா போயி தின்னுட்டு வரட்டும். வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடுறப்ப தெரியும் அந்தத் தெரு சமையலு," என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

"அந்த மனுசனுக்கு ஒன்னு ஆச்சுன்னா, அப்பறம் நம்ம வாசப்படிய எவன் மிதிப்பான்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உத்தரவுகள் தொடங்கின. எனக்கு ஒரு வேலையும் தரவில்லை, தள்ளி நிற்பதைத் தவிர. எனக்கோ துடிப்பு. என் வாத்தியார் என் வீட்டுக்கு வருகிறார், நான் சும்மா இருப்பதா. பச்சைக் காய்கறியில்தான் சத்து இருக்கிறது, வேகவைத்தால் பாதி போய்விடும் என்று அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார். வயல் பக்கம் ஓடி, கேட்டு வாங்கி, பாவாடை மடியில் நாலு வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தேன்.

அவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அப்போதுதான் கோழியைத் துண்டு போட்டு முடித்திருந்த அம்மா கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள். அரிவாள்மனை ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றியபடி கொல்லையிலேயே கிடந்தது. சாம்பலும் போடவில்லை, வெந்நீரும் ஊற்றவில்லை. நான் அதைப் பாவாடையால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பிஞ்சுகளை நறுக்கினேன். துடைத்ததே பெரிய சுத்தம் என்று நினைப்பு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன். அம்மா சோறு எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவர் இலை ஓரத்தில் வைத்தேன்.

"பாடத்தையே இலையில வச்சுட்டியே," என்று சிரித்தார் வாத்தியார். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கினார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்து அன்று சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் பாக்கி.

எல்லாம் முடிந்து அம்மா கொல்லைக்குப் போனாள். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் நான் அரிந்து போட்ட வெள்ளரிக் காம்புகள் கிடந்தன.

"எதுலடி நறுக்குன?"

"அருவாமனையிலதாம்மா. தொடச்சுட்டுத்தான் நறுக்குனேன்."

அடிப்பாள் என்று ஒதுங்கினேன். அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அடிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பாட்ட சொல்லாத," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வாத்தியார் நன்றாகத்தான் இருந்தார். மதியம் ஓடிவந்து சொன்னேன். அம்மா நம்பாமல், "சாப்புட்டாரா, தண்ணி குடிச்சாரா," என்று குடைந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அறை பூட்டியிருந்தது. புதன்கிழமையும் வரவில்லை. டீக்கடையில் காரியக்காரர், "நான் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குள் வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பாலத்தடியில் போய் நின்றாள். நான் வாத்தியார் செத்தே போய்விட்டார் என்று முடிவு கட்டி, அவர் உயிரோடு வந்தால் என் இரட்டைச் சடையை எடுத்துவிடுவதாகக் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரியக்காரர் அதற்குள் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"என்ன சார், ரெண்டு நாளா ஆளக் காணும்? வயித்துக்கு ஏதும் ஒத்துக்கலியா?"

"திருவாரூர் ஆபீஸ்ல ஒரு வேலைங்க. அங்கேயே தங்கும்படி ஆயிடுச்சு," என்றார் வாத்தியார். "வயித்துக்கு என்னங்க? இன்னைக்கும் அவங்க வீட்டுச் சாப்பாடுதான்." என் பக்கம் திரும்பினார். "அம்மாட்ட கஞ்சி இருந்தா ஒரு சொம்பு வாங்கிட்டு வாம்மா."

முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். உதடு வெடித்து, வேட்டி இடுப்பில் நிற்காமல், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால், இவர் வயிற்றில் இரண்டு நாளாக எதுவும் தங்கவில்லை என்று இன்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பச்சைக் கறி பட்ட இடத்தில் பச்சையாகத் தின்கிற காயை நறுக்காதீர்கள் என்று எத்தனை வீட்டு அடுப்படியில் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியிருப்பேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வாத்தியார் சாகவில்லை என்பதும் என் சடைக்குத்தான் இனி ஆபத்து என்பதும்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேட்டாள்: "கஞ்சியா கேட்டாரு? வேற ஒன்னும் கேக்கலியா?"

"கஞ்சிதான். நேத்து மீன் கொழம்பு இருக்குன்னு சொல்லட்டுமா?"

அவள் அடுப்பை மூட்டினாள். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, மறுபடி ஒரு கொதி விட்டு, உப்புப் போட்டாள். சொம்பை இரண்டு தடவை வெந்நீரில் அலசினாள். மூடிக் கொடுத்துவிட்டு வாசல்வரை கூடவே வந்தாள். நான் சிந்திவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

காரியக்காரர் போகவில்லை. அவர் பார்க்கப் பார்க்க வாத்தியார் அந்தக் கஞ்சியை மெல்ல மெல்லக் குடித்தார். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். காரியக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டுக் கஞ்சிக்கு அப்படி ஒரு ருசி இருப்பது அன்றுவரை எங்களுக்கே தெரியாதே. மதியமும் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வேளை தவறாமல் கொண்டுபோனேன். ஊர்த்தெரு வழியாகச் சொம்போடு போகும்போது என் நடையே வேறாக இருந்தது. கொல்லை அரிவாள்மனையில் நறுக்கினால் ஒன்றும் ஆகாது, அம்மா வீணாகத்தான் கத்துகிறாள் என்று உள்ளுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது வாத்தியார் சொன்னார்: "போதும்மா. இன்னி மத்தியானத்துலேர்ந்து நான் சோறு சாப்புடுறேன்னு அம்மாட்ட சொல்லிடு."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. எங்கள் கஞ்சி அவருக்கு அலுத்துவிட்டது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கால் தேய நடந்துவந்து, தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பானையிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, பல நாள் பட்டினி கிடந்தவள்போல அள்ளி அள்ளித் தின்றாள். நம் கஞ்சி வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார், இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு அம்மா மேல் அப்படியொரு கோபம் வந்தது.